வெண்புகையைக் கண்டு பயப்படாதீர்கள், கணக்கைக் கேளுங்கள்

(ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சுருக்கம்)



ஆலைகளிலுள்ள கூலிங் டவர் என்பதைப் பற்றி இக்கூட்டத்தில் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இது என்ன, பொதுக்கூட்டத்தில் பேசுகிற விஷயமா? இஞ்சினீயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா? என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதுதான் நமது கஷ்டங்கள் பலவற்றிற்குக் காரணம். சட்டம் வக்கீலுக்கு, மருந்து வைத்தியருக்கு, யந்திரம் இஞ்சினீயருக்கு என்று அறிவைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, அவற்றால் வரும் கெடுதியை மாத்திரம் நாம் நம் பங்காக வாங்கிக்கொள்ளுகிறோம். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்து அந்த நிலத்து நீரைக் குடிப்பவர்களும், அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களும் நாமாயிருக்கும்போது, அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பாத்தியதை நம்மைவிட வேறு யாருக்கு இருக்க முடியும்?

ஆலையின் கோபுரத்து உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று மேகம்போல் ஏதோ கிளம்புகிறது. அதைக் கண்டதும் ஊர் ஜனங்கள், விஷப்புகை வருகிறதென்று பயப்படுகிறார்கள். போய்க் கேட்டால் ஆலைக்காரர், "அது வெறும் தண்ணீர் ஆவி, ஒரு கெடுதியும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்கிறார். பயந்தவர்கள் பயத்தோடேயே இருக்கிறார்கள். நம்பியவர்கள் நம்பிக்கையோடேயே இருக்கிறார்கள். இரண்டு கட்சியாரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற அந்த வெண்மேகம் பெரும்பாலும் கெடுதியற்றது. கெடுதி எதில் இருக்கிறதோ அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதுவே நாம் இன்று சொல்ல வந்த விஷயம்.

பானையும் கோபுரமும்

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்றிருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வதும் இதே காரணத்தால்தான். கூலிங் டவர் என்பது இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிற பானையே ஒழிய வேறு அதிசயம் ஒன்றுமில்லை. யந்திரங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வந்த வெந்நீரை மேலே ஏற்றித் தூறலாக விழச் செய்கிறார்கள். கீழிருந்து மேலாகக் காற்றுப் போகிறது. கொஞ்சம் நீர் ஆவியாகிவிட, மிச்சம் ஆறிப்போய்க் கீழே தொட்டியில் விழுந்து மறுபடியும் யந்திரத்துக்குப் போகிறது. நூறு பங்கு நீரில் ஒரே ஒரு பங்கு ஆவியானால் மற்றது சுமார் 6 டிகிரி சென்டிகிரேட் ஆறிவிடும்.

சிறிய ஆலைகளில் மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்கிறார்கள். பெரிய மின்சார நிலையங்களில் இடுப்புச் சிறுத்து நிற்கும் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவற்றுக்கு விசிறியே இல்லை. வெதுவெதுப்பான காற்று தானாகவே மேலே எழும்புகிறது. அந்த வடிவத்தை வான் இட்டர்சன், கைப்பர்ஸ் என்ற டச்சுக்காரர்கள் இருவர் கண்டுபிடித்தார்கள். ஹாலந்து தேசத்து ஹீர்லன் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1918-ல் அது கட்டப்பட்டது.

கோபுரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆற்று நீரை எடுத்து, யந்திரத்தைச் சுற்றவிட்டு, சூட்டோடேயே திரும்ப ஆற்றில் விட வேண்டியதுதான். சூடான நீரில் பிராணவாயு கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கக் கூடுமானால், 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான் கரையும். மீனுக்கோ, நீர் சூடேற ஏற மூச்சு அதிகமாக வேண்டும். வேண்டியது கூடி, கிடைப்பது குறைந்தால் அந்த ஜீவன் என்ன செய்யும்? நல்ல நீரை ஒருமுறை சுற்றி வெளியே விடுகிற அனல்மின் நிலையங்களெல்லாம் கூலிங் டவர் கட்டிக்கொள்ள வேண்டுமென்று இந்திய சர்க்கார் 2015 டிசம்பரில் உத்தரவு போட்டதற்கும், ஆற்றைச் சூட்டிலிருந்தும் பேரளவாக நீர் எடுக்கப்படுவதிலிருந்தும் காப்பாற்றுவதே கருத்து. ஆகவே, கோபுரமே கூடாது என்று யாராவது கிளம்பினால், அவர்களோடு நாம் சேர மாட்டோம். கோபுரம் நல்ல யோசனைதான். அதை நடத்துகிறவர்களிடம் மூன்று கணக்குக் கேட்க வேண்டும் என்பதே நமது வாதம்.

முதற் கணக்கு: தண்ணீர்

ஆவியாகப் போன நீர் போனதுதான். அது ஆலைத் தொட்டிக்கும் ஆற்றுக்கும் உடனே திரும்பி வருவதில்லை. மேற்சொன்ன 2015-ம் வருஷத்து உத்தரவில், கோபுரம் வைத்திருக்கும் பழைய அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3½ லிட்டருக்கு மேல் நீர் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு 3½ லிட்டர் என்றால், கோடிக்கணக்கான யூனிட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரசத்தைச் சுண்டக் காய்ச்சினால் உப்புக் கரிக்கிறதல்லவா? அதுபோல, நீர் ஆவியாக ஆக அதிலுள்ள உப்பு தொட்டியிலேயே தங்கிக் கெட்டிப்படுகிறது. மிஞ்சினால் குழாய்களில் காறை பிடிக்கும். அதனால் கொஞ்சம் நீரை அவ்வப்போது வடித்துவிட்டுப் புது நீர் சேர்க்கிறார்கள். வடித்துவிடுவதை ஆலைகளில் புளோடவுன் என்கிறார்கள். ஒரு நாளில் 800 லிட்டர் ஆவியாக வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு இரண்டு மடங்கு ஆனவுடனே வடிக்கிற ஆலைக்கு 1,600 லிட்டர் புது நீர் வேண்டும். 800 லிட்டரை அது வெளியே கொட்டும். நீரைப் பக்குவப்படுத்தி, கவனமாகப் பார்த்து, ஐந்து மடங்கு ஆகும்வரை சுற்றவிடுகிற ஆலைக்கு 1,000 லிட்டர் போதும். 200 லிட்டர்தான் வெளியே போகும். யந்திரம் ஒன்றே, வேலை ஒன்றே. பார்த்து நடத்துவதில் இருக்கும் வித்தியாசம் 600 லிட்டர். கிணறுகள் வற்றிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு இந்த 600-ன் அருமை தெரியும்.

குடிக்கத் தகுந்த நீர்தான் கோபுரத்துக்கு வேண்டுமென்பதும் இல்லை. சென்னையில் கொடுங்கையூரில் சாக்கடை நீரைப் பல படியாகச் சுத்தம் செய்து, நாளொன்றுக்கு 4½ கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்குக் கொடுப்பதற்கான நிலையம் 2019-ல் திறக்கப்பட்டது. சாக்கடையிலிருந்து வந்த நீர் என்று எந்த யந்திரமும் தீட்டுப் பார்க்கவில்லை. பார்க்கிறவன் மனிதன்தான்.

இரண்டாம் கணக்கு: மருந்து

சுற்றும் நீரில் காறை பிடிக்காமலும், இரும்பு துருப்பிடிக்காமலும், பாசி படராமலும் இருக்கப் பலவித இரசாயன மருந்துகள் போடுகிறார்கள். போட்டது எங்கே போகும்? வடித்துவிடும் நீரோடு வெளியே போகும்; கொஞ்சம் திவலையோடு காற்றில் போகும். இதனால் என்ன நேரிடக் கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த சமாசாரம் ஒன்றைச் சொல்லுகிறோம்.

காலிபோர்னியா மாகாணத்தில் பாலைவனப் பக்கத்தில் ஹிங்க்லி என்றொரு சிற்றூர். நெடுந்தூரத்திலிருந்து குழாய் வழியாக வரும் எரிவாயுவை வழியில் அழுத்தித் தள்ளுவதற்கு, பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் கம்பெனி அங்கே ஒரு நிலையம் வைத்திருந்தது. வாயுவை அழுத்தினால் சூடேறும். சூட்டைத் தணிக்கக் கூலிங் டவர். கோபுரத்து நீரில் துரு பிடிக்காமலிருக்க ஆறு இணைதிறன் குரோமியம் என்ற சரக்கைப் போட்டார்கள். 1952 முதல் 1966 வரை, அந்தக் கழிவு நீரை அடியில் பூச்சோ விரிப்போ இல்லாத வெறும் மண் குட்டைகளில் விட்டார்கள். மண் குட்டையில் விட்ட நீர் அங்கேயே நிற்குமா? மெல்ல இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. ஊரார் அந்த நீரைத்தான் இறைத்துக் குடித்தார்கள், குளித்தார்கள், மாட்டுக்கு வைத்தார்கள். நிலத்தடி நீரில் குரோமியம் இருக்கும் செய்தியைக் கம்பெனி நீர்வள அதிகாரிகளுக்கு அறிவித்தது 1987-ல். போட ஆரம்பித்த காலத்திலிருந்து கணக்கிட்டால் 35 வருஷம்! பிறகு வழக்கு நடந்து, 1996-ல் 600-க்கு மேற்பட்டவர்களுக்காக 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுப்பதாகக் கம்பெனி சமாதானம் செய்துகொண்டது. நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் வேலையோ அதற்குப் பிறகும் பல பத்து வருஷங்களாக நீண்டுகொண்டே போயிற்று.

இந்த இடத்தில், நமது கட்சிக்கு அனுகூலமில்லாத ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால், நாம் குறைசொல்லும் ஆட்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? காலிபோர்னியா புற்றுநோய்ப் பதிவேட்டார் 1996 முதல் 2008 வரையில் அவ்வட்டாரத்துக் கணக்கைப் பார்த்ததில், எதிர்பார்க்கக் கூடியதைவிட அதிகமான புற்றுநோய் காணப்படவில்லை என்றார்கள். சிறிய ஊரின் கணக்கில் உண்மை தெளிவாகத் தெரிவது கஷ்டம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சரக்கு சுவாசத்தில் போனால் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ருசுவான சங்கதி. குடிநீரில் கலந்து கொடுத்ததில் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கட்டிகள் உண்டானதை அமெரிக்க சர்க்கார் ஆராய்ச்சி 2008-ல் வெளியிட்டது. ஆகையால் யாருக்கு எந்த வியாதி எதனால் வந்தது என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் குடிக்கும் நீரில் இன்னது கலந்திருக்கிறது என்று ஒரு ஊருக்கு வருஷக்கணக்காகச் சொல்லாமலிருப்பது நியாயமா? இதற்குப் பதில் சொல்ல எந்தப் பதிவேடும் வேண்டியதில்லை.

அமெரிக்க சர்க்கார் இந்தச் சரக்கைக் கட்டடங்களைக் குளிர்விக்கும் கோபுரங்களில் போடக் கூடாதென்று 1990-லும், ஆலைக் கோபுரங்களில் போடக் கூடாதென்று 1994-லும் தடுத்துவிட்டது. துருவைத் தடுக்க வேறு மருந்துகள் கிடைத்தன. ஆலைகள் ஒன்றும் மூடிப்போகவில்லை. நம் பக்கத்திலும் குரோமியத்தின் குணம் தெரியாததல்ல. ராணிப்பேட்டையில் குரோமேட் செய்துவந்த ஒரு தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு வெட்டவெளியில் கிடந்து, மழைதோறும் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அது கூலிங் டவரால் வந்ததல்ல. என்றாலும் குட்டையில் விட்டது குட்டையோடு நிற்காது என்கிற பாடம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் கணக்கு: கிருமி

1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில் பழைய போர்வீரர்கள் மகாநாடு கூடிற்று. கலைந்து போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலும் நிமோனியாவுமாக விழுந்தார்கள். மகாநாட்டுக்கு வராதவர்களையும் சேர்த்து 221 பேருக்கு வியாதி. 34 பேர் மாண்டார்கள். என்ன என்னவோ வதந்திகள் கிளம்பின. விஞ்ஞானிகள் வதந்தியை விட்டுவிட்டுத் தேடினார்கள். 1977 ஜனவரியில் மக்டேட் என்பவர் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டார். லெஜியனெல்லா என்று அதற்குப் பெயர். வெதுவெதுப்பான நீரும், பாசியும், அடியில் சேறும் அதற்குப் பிரியமான வீடு. கவனிக்காமல் விட்ட கூலிங் டவர் தொட்டி அப்படிப்பட்ட வீடுதானே? வெறும் ஆவியில் கிருமி போகாது. ஆவியோடு பறக்கும் மிகச் சிறிய நீர்த்திவலையில் அது ஏறிக்கொண்டு போகும். அதைச் சுவாசிப்பவருக்கு வியாதி வரும்.

ஆலைக் கோபுரத்தால் வந்த கதையைக் கேளுங்கள். பிரான்ஸ் தேசத்தில் பா-து-கலே மாகாணத்து ஆர்ன் என்னும் ஊரில் ஒரு பெட்ரோலிய இரசாயன ஆலை. 2003 நவம்பர் முதல் 2004 ஜனவரி வரையில் சுற்றுவட்டாரத்தில் 86 பேர் வியாதிப்பட்டு 18 பேர் மாண்டார்கள். விசாரித்ததில், ஆலைக் கோபுரத்திலிருந்து கிளம்பிய திவலை 6 கிலோமீட்டருக்கு அப்பாலும் போயிருப்பது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. வியாதி கிளம்பியதும் ஆலையை நிறுத்திக் கோபுரத்தை வேகமான நீர்ப்பாய்ச்சலால் கழுவினார்கள். கழுவும்போது கிளம்பிய திவலையோடு வியாதி இரண்டாம் தடவையும் பரவிற்று. சுத்தம் செய்வதும் அறிவோடு செய்யாவிட்டால் அசுத்தத்தை ஊர் முழுவதும் தூவுவதாகவே முடியும். அதன் பிறகு 2004 டிசம்பரில் பிரான்ஸ் சர்க்கார் கூலிங் டவர்களுக்கென்றே தனி விதிகள் செய்தது.

நியூயார்க்கிலும் 2015-ல் ஒரு கட்டடத்தின் கோபுரத்தால் 138 பேர் வியாதிப்பட்டு 16 பேர் இறந்த பிறகுதான், நகரத்துக் கோபுரங்களையெல்லாம் பதிவு செய்ய வேண்டுமென்று சட்டம் வந்தது. சட்டம் வந்தும் 2025-ல் அதே நகரத்து ஹார்லம் பகுதியில் மறுபடியும் 7 பேர் மாண்டார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தால் கிருமிக்குப் படிக்கத் தெரியாது, தோழர்களே! யாராவது போய்த் தொட்டியைப் பார்க்க வேண்டும்.

இந்த வியாதி தொத்து வியாதியல்ல. உரிய மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஆனால் இன்ன வியாதி என்று தெரிந்தால்தானே உரிய மருந்து? நம் நாட்டில் நிமோனியாவென்று வருகிறவர்களுக்கு இக்கிருமிக்கான பரீட்சை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. தேடாத பொருள் அகப்படாது; அகப்படாததால் இல்லையென்று சொல்லிவிடுவது சுலபம்.

இதில் முதலில் அடிபடுகிறவன் யார்? கோபுரத்துத் தொட்டியில் இறங்கிச் சேற்றை வாரும் ஒப்பந்தக் கூலி. திவலை அவன் மூக்குக்கு நேராகப் பறக்கிறது. அவனுக்கு முகமூடி இல்லை. தொட்டியில் என்ன மருந்து இருக்கிறதென்று சொல்லுவார் இல்லை. காய்ச்சல் வந்தால் லீவும் இல்லை. ஆயுத பூஜையன்று கோபுரத்துக்குச் சந்தனம் தெளித்துப் பூசணிக்காய் உடைக்கச் செலவு செய்கிறார்களே, அந்தக் காசில் அவனுக்கு நல்ல முகமூடி ஒன்று வாங்கக் கூடாதா?

நாம் செய்ய வேண்டியது

இவ்வளவும் சொன்னது உங்களைப் பயமுறுத்துவதற்கல்ல. இம்மூன்று கெடுதிகளும் தலைவிதியால் வருபவை அல்ல, தடுக்கத் தெரிந்தவை. திவலையைப் பிடித்து நிறுத்த, கோபுரத்தின் மேல்பாகத்தில் வளைந்த தகடுகள் வைக்கிறார்கள். நல்ல தகடுகள் இருந்தால், சுற்றும் நீரில் 20,000 லிட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியே பறக்காமல் தடுக்கலாம். உடைந்த தகட்டை மாற்ற ஆகும் செலவு ஒரு உயிரின் விலைக்கு ஈடாகுமா?

ஆகையால் ஆலைக்காரரிடம் மூன்று கணக்குகளைக் கேளுங்கள். முதலாவது, நாளொன்றுக்கு எவ்வளவு நீர், எங்கிருந்து எடுக்கிறீர்கள். எத்தனை மடங்கு சுற்றவிடுகிறீர்கள்? இரண்டாவது, என்னென்ன மருந்து போடுகிறீர்கள். வடித்த நீர் எங்கே போகிறது. சுற்றுக் கிணறுகளின் நீரைப் பரீட்சை செய்தீர்களா? மூன்றாவது, கிருமிப் பரீட்சை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது, முடிவு என்ன, தொட்டியில் இறங்குபவர்களுக்கு முகமூடி கொடுத்தீர்களா? இம்மூன்றையும் தமிழில் எழுதி ஆலை வாசலில் பலகை வைக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிற ஆலைக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை, கௌரவம்தான்.

சொல்ல மறுத்தால் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை. கழிவு நீரை வெளியே விடும் ஆலைகள் 1974-ம் வருஷத்து நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். அந்த இசைவில் எவ்வளவு நீர், எப்படிப்பட்ட நீர் வெளியே விடலாமென்று எழுதியிருக்கும். 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால், வாரியத்திடம் இருக்கும் அந்தக் காகிதங்களின் நகலை நீங்கள் கேட்கலாம். 30 நாளைக்குள் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஹிங்க்லி ஊராருக்கு 35 வருஷம் தெரியாமலிருந்தது போன்ற ஒரு விஷயம், நமக்கு ஒரு மாதத்தில் தெரிய வழியிருக்கும்போது, கேட்காமலிருப்பது நமது குற்றமாகவே முடியும்.

தோழர்களே! வெண்புகையைக் கண்டு கூக்குரலிடுவதும் வேண்டாம். வெறும் தண்ணீர் என்றவுடன் தலையாட்டுவதும் வேண்டாம். இவ்வளவு நேரம் நாம் சொன்னவற்றையும், நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நாளைக்கே ஆலை வாசலுக்குப் போய் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வருகிற பதிலை உங்கள் அறிவைக்கொண்டு நிறுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால், அந்த மௌனத்தையும் நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லி இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.